மீனுக்கு உயிரளித்த கொல்லிமலை ஈசன்

நாமக்கல் கோட்டைப் பாறையின் உச்சியில் நின்று வடகிழக்கே நோக்கினால், சமவெளி முடியும் இடத்தில் நீலநிற மதில் ஒன்று எழுந்து நிற்பதுபோல் ஒரு மலைத்தொடர் தெரியும். கீழே, பாறையைக் குடைந்தமைத்த கோயிலில் நரசிம்மப் பெருமான் எழுந்தருளியிருக்க, அவரை நோக்கிக் கைகூப்பியபடி வெட்டவெளியில் 18 அடி உயரத்தில் நிற்கிறார் ஆஞ்சநேயர். அவர்களைச் சேவித்துவிட்டு ஊர் திரும்புவோர் பலர். சிலர் மட்டும் அந்த நீல மதிலை நோக்கிப் புறப்படுகின்றனர். அதுவே கொல்லிமலை.

கொல்லி என்னும் பெயரைக் கேட்டவுடன் முதியவர்கள் சற்றே தயங்குவதுண்டு. அந்தப் பெயருக்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. தன்னை நாடி வரும் கொடியோரைப் புன்னகையால் மயக்கிக் கொல்லும் கொல்லிப்பாவை உறையும் மலை என்பதால் இப்பெயர் என்பர். மலைக்காய்ச்சல் ஏறிவந்தவரைத் திருப்பியனுப்பாத காலம் ஒன்று இருந்தது. அதனால் வந்த பெயர் என்பாரும் உண்டு. ஆனால், இப்படிப் பெயரிலேயே கொலையைச் சுமந்த மலையின் உச்சியில் வீற்றிருக்கும் ஈசனின் திருநாமம் அறப்பளீஸ்வரர். அம்பிகையோ அறம்வளர்த்த நாயகி. கொல்லியின் நடுவே அறம் குடியிருக்கிறது. வெட்டுண்ட மீனுக்கும் உயிரளித்த பெருமான் அவர் என்று தலவரலாறு கூறுகிறது. அந்த அருளின் தடத்தைத் தேடிச் செல்வதே இந்த யாத்திரை.

சமவெளியில் தொடங்கும் வழி

1997-ஆம் ஆண்டு ஜனவரி 1 அன்று சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாயிற்று. எல்லை பிரிந்ததே தவிர, மண்ணும் பயிரும் பிரியவில்லை. இரு மாவட்டங்களின் சமவெளியிலும் கண்ணுக்கெட்டிய தூரம் மரவள்ளிச் செடிகள் விரல் விரித்தாற்போன்ற இலைகளோடு நிற்கின்றன. அவற்றின் கிழங்கிலிருந்துதான் விரத நாள்களில் நம் இல்லங்களில் பாயசமாகும் ஜவ்வரிசி பிறக்கிறது. கிழங்கின் மாவும் ஜவ்வரிசியும் வெயிலில் காயும் வெண்மையான களங்களை இப்பகுதியில் பல இடங்களில் காணலாம்.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகச் சாலை செல்கிறது. ஒருபுறம் நைனாமலை செங்குத்தாக உயர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் வரதராஜப் பெருமாள் சந்நிதி. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அந்த நெடிய படிவரிசை முழுவதும் கோவிந்த நாமம் ஒலிக்கும். சேந்தமங்கலத்தை அடுத்த சந்நியாசிக்கரடு என்னும் குன்றில் அவதூத மகானாகிய சுயம்பிரகாச பிரம்மேந்திர சரஸ்வதி சுவாமிகளின் அதிஷ்டானமும் தத்தாத்ரேயர் ஆலயமும் உள்ளன. ஆடையையும் உடைமையையும் துறந்து வெயிலையும் பனியையும் ஒன்றாகக் கருதி வாழ்ந்த அந்த மகானை வணங்கிவிட்டு மலையேறுவது பொருத்தமானது. மலைப்பயணத்துக்குச் சுமை குறைவாக இருக்க வேண்டும் என்பதை அவர் வாழ்வே சொல்லாமல் சொல்கிறது.

காளப்பநாயக்கன்பட்டியைக் கடந்தால் காரவள்ளி. மலையின் அடிவாரம் இதுதான். இங்கே சமவெளி முடிந்துவிடுகிறது.

எழுபது வளைவுகள்

காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் உண்டு. முதல் பத்து வளைவுகள் வரை பயணிகள் பேச்சும் சிரிப்புமாக எண்ணிக்கொண்டு வருவர். இருபதைக் கடந்ததும் பேச்சு அடங்கிவிடும். சிலர் கண்களை மூடிக்கொண்டு பஞ்சாட்சரம் ஜபிக்கத் தொடங்குவர். சிலர் கைப்பையில் கொண்டுவந்த எலுமிச்சம்பழத்தை முகர்வர். எதிரே ஒரு வண்டி வந்துவிட்டால் இறங்குகிற வண்டி ஒதுங்கி நிற்க, ஏறுகிற வண்டி முனகிக்கொண்டு திரும்பும். சாலையின் விளிம்புக்கு அப்பால் பார்த்தால், சற்று முன் கடந்துவந்த வயல்கள் கட்டம்போட்ட துணியைப்போல் காலடியில் விரிந்து கிடக்கும்.

இந்த ஏற்றத்தில் காட்டின் முகம் படிப்படியாக மாறுவதைக் கவனிக்கலாம். அடிவாரத்தில் முட்புதர்களும் வெயிலுக்கு வாடிய சிறு மரங்களும். நடுமலையில் மூங்கிலும் கோடையில் இலையுதிர்க்கும் பெருமரங்களும். உச்சியை நெருங்கும்போது எக்காலமும் பசுமை மாறாத சோலைகள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை எட்டும்போது காற்றின் தன்மையே மாறிவிடுகிறது. அடிவாரத்தில் விசிறிக்கொண்டிருந்தவர்கள் மேலே சால்வையைத் தேடுகிறார்கள்.

வளைவுகளின் கைப்பிடிச் சுவர்களில் குரங்குகள் வரிசையாக அமர்ந்திருக்கும். மாருதியின் குலம் என்னும் அன்பினால் பழமும் பிஸ்கட்டும் எறிகிறார்கள் பக்தர்கள். அன்பில் குற்றமில்லை, ஆனால் அதன் விளைவு வேறு. உணவுக்காகச் சாலைக்கு வரப் பழகிய குரங்கு, காட்டில் தன் இரையைத் தேடுவதை மறக்கிறது. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு வண்டிகளின் குறுக்கே பாய்கிறது. ஆஞ்சநேயருக்குச் செய்ய நினைக்கும் உபசாரத்தை நாமக்கல் சந்நிதியிலேயே வடைமாலையாகச் செலுத்திவிட்டு, மலைச்சாலையில் கையை மடக்கிக்கொள்வதே அந்த உயிர்களுக்குச் செய்யும் உண்மையான தொண்டு.

ஓர் அம்பும் ஐந்து விலங்குகளும்

எழுபதாம் வளைவைக் கடந்து சோளக்காட்டை அடைந்தால் மலை, மேசைபோல் விரிகிறது. அங்கிருந்து செம்மேடு. மலையின் தலைமையிடமான இவ்வூரில் வில்லேந்திய வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனாகிய ஓரி ஆண்ட மலை இது.

அவன் பெருமையைச் சொல்லும் புறநானூற்றுப் பாடலொன்றை வன்பரணர் பாடியிருக்கிறார். பரிசில் நாடிக் காட்டுவழியே செல்லும் பாணர் கூட்டம், வேட்டுவன் ஒருவனைக் காண்கிறது. அவன் எய்த ஒற்றை அம்பு யானையை வீழ்த்தி, வாய்பிளந்த புலியைத் துளைத்து, புள்ளிமானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பின் உடலில் சென்று தைக்கிறது. இவ்வளவு வல்லமை படைத்தவன் யாரோ என வியந்து பாணர்கள் பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்ததும் அவன் நாணித் தலைகுனிகிறான். மான் இறைச்சியும் தேறலும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணிகளையும் வழியிலேயே அள்ளிக் கொடுக்கிறான். பாணர்களுக்கு அப்போதுதான் விளங்குகிறது: அவனே ஓரி.

ஓரியின் வீரமும் கொடையும் தமிழ் உள்ளவரை நிற்கும். பின்னாளில் மலையமான் திருமுடிக்காரியோடு பொருது ஓரி மாண்டதையும், கொல்லிமலை சேரர் கைக்குச் சென்றதையும் அகநானூறு கூறுகிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 ஆகிய இரு நாள்களில் அரசு விழா எடுத்து இந்த மன்னனை நினைவுகூர்கிறது.

இன்று மலையேறும் பக்தர், அந்தப் பாடலின் ஐந்து விலங்குகளையும் இங்கே தேடினால் என்னாகும்? யானை இம்மலையில் இல்லை. புலியும் இல்லை. காட்டுப்பன்றி இரவில் கிழங்குத் தோட்டத்தைக் கிளறிவிட்டுப் போகிறது. கரடிகள் பாறைப்பொந்துகளில் மறைந்து வாழ்கின்றன. விடியற்காலையில் காட்டுக்கோழியின் கூவல் கேட்கிறது. ஆனால் பாட்டின் முதல் இரண்டு விலங்குகளும் பாட்டிலேயே தங்கிவிட்டன. ஓர் அரசன் தன் கையால் வேட்டையாடியதால் ஒரு காடு வெறுமையாவதில்லை. காடு சுருங்குவதும், வழிகள் அடைபடுவதும், மனிதர் பெருகுவதும் நூற்றாண்டுகளாகச் செய்த வேலை இது. இந்த எண்ணத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஈசனின் சந்நிதிக்குச் சென்றால், அங்கே துள்ளும் மீன்கள் வேறொரு செய்தியைச் சொல்லும்.

பாவையின் புன்னகை

செம்மேட்டிலிருந்து கிளைவழியில் சென்றால் எட்டுக்கை அம்மன் ஆலயம். எட்டுத் திருக்கரங்களுடன் அம்பிகை இங்கே அருள்பாலிக்கிறாள். சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை இவளே என்பது மக்களின் நம்பிக்கை.

நற்றிணையிலும் குறுந்தொகையிலும் கொல்லிப்பாவை பலமுறை வருகிறாள். தெய்வம் வகுத்த பாவை அவள். காற்று சுழன்றடித்தாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் தன் அழகிய உருவம் சிதையாதவள் என்று பரணர் பாடுகிறார். தவம் செய்வோரைத் துன்புறுத்த வரும் அசுரர்களைப் புன்னகையால் மயக்கி அழிப்பதற்காக அமைந்தவள் என்பது வழிவழி வந்த செய்தி.

அந்தப் புன்னகைக்கு அஞ்ச வேண்டியவர் யார் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம். அன்போடு வருபவருக்கு அவள் தாய். அழிக்க வருபவருக்கு மட்டுமே அவள் கொல்லி. காய்ச்சலும் கடுங்காடும் காவல் நின்ற காலத்தில் அவள் மலை தானே தன்னைக் காத்துக்கொண்டது. இன்று சாலை வந்துவிட்டது, காய்ச்சலும் ஒழிந்துவிட்டது. அவள் காட்டைக் காக்கும் பொறுப்பு, அவளைத் தேடிவரும் பிள்ளைகளின் கைக்கு வந்திருக்கிறது.

பதினான்கு நாடுகள்

கொல்லிமலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என்று அவற்றின் பெயர்களே பழமையைச் சொல்கின்றன. இங்கே வாழும் பழங்குடியினர் மலையாளி எனப்படுவர். மலையை ஆள்வோர் என்பதால் வந்த பெயர் இது, கேரளத்தோடு தொடர்பில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த சகோதரர் மூவர் என்று அவர்கள் கதை கூறுகின்றனர்.

சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவை அவர்களின் பழைய பயிர்கள். சாலை வந்து, சமவெளி ஆலைகள் கிழங்கைக் கேட்கத் தொடங்கியதும் மரவள்ளி மலையேறியது. சிறுதானியங்களின் நிலம் சுருங்கியது. 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைமக்களோடு சேர்ந்து அந்தப் பழைய விதைகளைக் காக்கும் பணியைச் செய்துவருகிறது. சில்வர் ஓக் மரங்களில் கொடியேறிய மிளகும், அதன் நிழலில் காப்பியும், மலைவாழையும், பலாவும், அன்னாசியும் இன்று இம்மலையின் விளைபொருள்கள். இங்கு விளையும் மிளகு, அடிவாரத்தில் பேளுக்குறிச்சிச் சந்தைக்குச் சென்று பல ஊர்களின் அஞ்சறைப்பெட்டிகளை அடைகிறது.

வழிநெடுகக் கடைகளில் பழுப்பு நிற ரோமம் போர்த்திய கிழங்கு ஒன்று குவிந்திருக்கும். முடவாட்டுக்கால் என்பது அதன் பெயர். மரங்களிலும் பாறைகளிலும் ஒட்டி வளரும் ஒருவகைப் பெரணியின் கிழங்கு அது. பார்ப்பதற்கு ஆட்டுக்கால்போல் இருந்தாலும் முற்றிலும் சைவம். மூட்டுவலிக்கு நல்லது என்னும் நம்பிக்கையில் அதைச் சூப்பாக்கி முதியவர்களுக்குச் சுடச்சுடத் தருகிறார்கள். குளிரில் அந்தச் சூப் இதமாகவே இருக்கும். ஆனால் காட்டிலிருந்து பெயர்த்தெடுக்கும் பொருள் அது என்பதை நினைவில் கொண்டு, ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பைநிறைய வாங்கிச் செல்லத் தொடங்கினால் பாறைகள் வெறுமையாகிவிடும். முழங்கால் வலிக்கு மருத்துவர் சொல்லும் மருந்தை விட்டுவிடவும் கூடாது.

இம்மலையில் சாலையோரத்துக் கண்களுக்கு எளிதில் புலப்படாத செல்வம் ஒன்றுண்டு. ஊர்களை அடுத்த கோயிற்காடுகளே அவை. பெருங்கோபுரம் இருக்காது, சுற்றுமதில் இருக்காது. ஒரு சூலமோ ஒரு நடுகல்லோ இருக்கும். அதைச் சுற்றி வெயில் புகாத சோலை இருக்கும். காலணியைக் கழற்றாமல் உள்ளே செல்வதில்லை. விறகுக்காக ஒரு கிளையும் ஒடிப்பதில்லை. தானே விழுந்த மரத்தையும் எடுப்பதில்லை என்று கட்டுப்பாடு காக்கும் இடங்களும் உண்டு. சுற்றிலும் காடு கழனியான பின்னரும் அந்தச் சோலைகள் நிற்கின்றன. சட்டம் போட்ட வேலி பல நேரங்களில் சாய்ந்துவிடுகிறது. சாமி போட்ட வேலி நிலைத்திருக்கிறது.

அறப்பளீஸ்வரர் சந்நிதி

வளப்பூர் நாட்டில், பெரியகோவிலூரில், ஐயாற்றின் கரையில் அமைந்துள்ளது அறப்பளீஸ்வரர் ஆலயம். மலையில் பிறக்கும் ஓடைகள் கூடி ஐயாறாகி, ஆலயத்தின் அருகே ஓடுகின்றன. அதிக உயரமில்லாத கற்கோயில், சுற்றிலும் பசுமை, உள்ளே சோழர் காலக் கல்வெட்டுகள். அப்பர் பெருமான் தேவாரத்தில் இத்தலத்தைக் கொல்லி அறைப்பள்ளி என்று போற்றுகிறார். தனிப்பதிகம் இல்லாமல், வேறு பதிகங்களில் பெயர் சுட்டப்பட்ட வைப்புத்தலம் இது. அறை என்பது பாறையைக் குறிக்கும். பாறைமேல் அமைந்த பள்ளியாகிய அறைப்பள்ளியே பிற்காலத்தில் அறப்பள்ளி ஆயிற்று என்பர். பெயர் பாறையிலிருந்து அறத்துக்கு நகர்ந்ததும் ஈசன் திருவுள்ளமே போலும். 18-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அம்பலவாணக் கவிராயர் நல்லொழுக்கங்களை எல்லாம் தொகுத்து இப்பெருமான் பேரில் அறப்பளீசுர சதகம் பாடினார். அதில் இம்மலை சதுரகிரி என்று அழைக்கப்படுகிறது.

சைவ உலகில் கொல்லியின் தொடர்பு இந்த ஒரு தலத்தோடு முடியவில்லை. கொல்லி என்ற பெயரில் ஒரு பண்ணே உண்டு. சூலை நோயால் வருந்திய அப்பர் பெருமான் திருவதிகையில் பாடிய முதல் பதிகம் அந்தப் பண்ணில் அமைந்ததே. கொல்லிமழவன் என்னும் தலைவனின் மகளுக்கு வந்த முயலகன் நோயைத் திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடித் தீர்த்தருளினார். வைணவ உலகிலோ, குலசேகர ஆழ்வார் தம்மைக் கொல்லிக்குக் காவலன் என்று சொல்லிக்கொள்கிறார். பகையை வெல்லும் வாளால் மட்டுமன்றி, நோயைத் தீர்க்கும் பாட்டாலும் நினைக்கப்படும் மலை இது.

சுவாமி சுயம்பு மூர்த்தம். உழவர் ஒருவர் நிலத்தை உழுதபோது கலப்பையின் கொழு எதிலோ தட்டி இரத்தம் பெருகியதாகவும், தோண்டிப் பார்க்கையில் லிங்கத் திருமேனி வெளிப்பட்டதாகவும் வரலாறு சொல்கிறது. அந்தக் காயத்தின் தழும்பைத் திருமேனியில் இன்றும் தாங்கியிருக்கிறார் பெருமான். மனிதன் அறியாமல் செய்த காயத்தைப் பொறுத்துக்கொண்டு அவனுக்கே அருளிய தெய்வம் இது.

துள்ளி எழுந்த மீன்கள்

இத்தலத்தின் சிறப்பெல்லாம் ஐயாற்று மீன்களில் அடங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் இங்கு வந்தவர்கள் ஆற்றில் மீன் பிடித்தார்கள், அறுத்தார்கள், பாத்திரத்தில் இட்டு அடுப்பேற்றினார்கள். குழம்பு கொதித்தபோது, துண்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தி மீன்களாகி, பாத்திரத்திலிருந்து துள்ளி ஆற்றுக்குள் பாய்ந்து நீந்திச் சென்றன. கண்டவர்கள் நடுங்கிக் கைகூப்பினார்கள். அறுத்த மீனைப் பொருத்தி உயிர் தந்தவர் என்று அன்றுமுதல் பெருமானைப் போற்றுகிறார்கள். அந்த மீன்களின் உருவில் ஈசனே உலவுகிறார் என்று நம்புவதால் எவரும் இங்கே மீன் பிடிப்பதில்லை.

பக்தர்கள் முதலில் ஆற்றங்கரைக்குச் சென்று மீன்களுக்குப் பொரி இடுகிறார்கள். அதன்பிறகு சந்நிதிக்குச் செல்கிறார்கள். பெருமானுக்கு நைவேத்தியம் ஆகும்முன் அவரது ஆற்றுக் குழந்தைகளுக்குப் பசி தீர்கிறது. பொரியை நீரில் தூவியவுடன் கரிய முதுகுகள் கூட்டமாக மேலெழுகின்றன. நீர் கொதிப்பதுபோல் குமிழியிடுகிறது. மனிதக் கையைக் கண்டு மீன்கள் அஞ்சி ஓடாத நீர்த்துறை உலகில் மிகச் சில. இங்கே அவை கையை நோக்கி வருகின்றன. தலைமுறை தலைமுறையாக அந்தக் கை அவற்றுக்கு உணவை மட்டுமே தந்திருக்கிறது.

ஓரியின் மலையில் இனி யானை வராது, புலி வராது. ஆனால் அவற்றைவிட எளிய உயிராகிய மீன், ஒரு வலையில் அள்ளிவிடக்கூடிய மீன், நூற்றாண்டுகளைக் கடந்து இங்கே இருக்கிறது. ஈசனுக்கு உரியது என்று மக்கள் ஒருமுறை ஒப்புக்கொடுத்துவிட்டார்கள், அதனால் இருக்கிறது. கோயிற்காட்டின் மரங்களும் அப்படியே. மலையின் மற்ற இடங்களையும் இவ்வாறு மனத்தால் ஒப்புக்கொடுத்திருந்தால் இன்னும் எத்தனை உயிர்கள் மிஞ்சியிருக்கும் என்று அந்தப் படித்துறையில் நிற்கும்போது தோன்றாமல் இராது.

ஆகாய கங்கை

ஆலயத்துக்கு அருகிலிருந்து படிகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அந்தப் படிகளின் முடிவில் ஐயாறு, செங்குத்தான பாறையிலிருந்து ஆகாய கங்கையாக விழுகிறது. மற்ற மலைக்கோயில்களில் முதலில் ஏற்றம், பிறகு இறக்கம். இங்கே வரிசை மாறிவிடுகிறது. இறங்கும்போது எளிதாகத் தோன்றும். களைத்த பிறகே ஏற வேண்டியிருக்கும். மூட்டுவலியும் இதயநோயும் உள்ளவர்கள் இதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இறங்கும் வழியில் காடு நெருங்கி வருகிறது. சில்வண்டுகளின் ரீங்காரம் ஒருபுறம். எங்கோ விழும் நீரின் இடைவிடாத ஓசை மறுபுறம். படிகள் சில இடங்களில் மிகவும் செங்குத்தானவை. ஈரம் படிந்தால் வழுக்கும். பாதி வழியிலேயே நீர்த்துளிகள் காற்றில் மிதந்து வந்து முகத்தை நனைக்கின்றன. இறுதிப் படியில் நின்று அண்ணாந்து பார்த்தால், பாறையின் விளிம்பும் வானமும் ஒன்றாகிவிட, வானத்திலிருந்தே நீர் இறங்குவதுபோல் தோன்றும். பெயரிட்டவர் மிகைப்படுத்தவில்லை என்பது அப்போது புரியும்.

அருவியைச் சூழ்ந்த பாறைக்குகைகளில் கோரக்கர், காலாங்கிநாதர் ஆகிய சித்தர்கள் தவமிருந்ததாக ஐதிகம். அருவிக்குக் கீழே ஐயாறு காட்டுக்குள் புகுந்து பாறைகளுக்கிடையே குதித்து, திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் சமவெளியைத் தொடுகிறது. சாலை இல்லாத காலத்தில், புளியஞ்சோலைப் பக்கமிருந்து காட்டுவழியே நடந்தேறித்தான் அடியார்கள் பெருமானைத் தரிசித்தார்கள். தலையில் கட்டுச்சோறு, கையில் ஊன்றுகோல், வாயில் சிவநாமம். விலங்கின் உறுமல் கேட்டால் ஒன்றாகக் கூடி நின்று உரக்க அரோகரா சொல்லி நடந்திருப்பார்கள். எழுபது வளைவுகளைக் குறை சொல்லும் நமக்கு அவர்களின் பாதங்களை எண்ணிப் பார்ப்பது நல்லது.

இறங்க இயலாத முதியவர்கள் வருந்த வேண்டியதில்லை. அருவியில் விழப்போகும் அதே ஐயாறுதான் ஆலயத்தின் அருகே அமைதியாக ஓடுகிறது. பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் படியிறங்கிச் சென்றிருக்க, கரையில் பொரிப் பையோடு அமர்ந்து மீன்களுக்கு ஒவ்வொரு கைப்பிடியாக இட்டுக்கொண்டிருக்கும் மூதாட்டிகளை அங்கே காணலாம். அந்த நீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்; ஆகாய கங்கையில் நீராடிய பலனை அறப்பளீஸ்வரர் குறைத்துத் தரமாட்டார்.

ஆடிப்பெருக்கும் அடியார் கடமையும்

ஆடி 18 அன்று இம்மலை மக்கள் வெள்ளத்தால் நிறைகிறது. சமவெளிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து அருவியில் நீராடி, பெருமானைத் தரிசித்துச் செல்கிறார்கள். அந்தக் கூட்டம் இறங்கிய மறுநாள் படிகளின் ஓரத்தில் கிடப்பவை பக்திக்குப் பெருமை சேர்ப்பவை அல்ல. பிளாஸ்டிக் பைகள், சோப்பு உறைகள், அருவியில் விடப்பட்ட பழந்துணிகள். மீன்களுக்குப் பொரி இட்டுவிட்டுப் பொரி கட்டிவந்த பையை ஆற்றிலேயே விடுவது எவ்வளவு முரண்! அடுப்பிலிருந்த மீனுக்கே உயிர் தந்த ஈசன் அந்தப் பையைத் தின்ற மீனையும் காப்பார் என்று விட்டுவிடலாகாது. அறியாமல் பட்ட கொழுவின் காயத்தை அவர் பொறுத்தருளினார். அறிந்தே செய்யும் காயத்துக்கு நாம் என்ன விடை சொல்ல முடியும்?

துணிப்பையில் பொரி கொண்டுசெல்லலாம். சோப்பும் ஷாம்பும் இல்லாமல் நீராடலாம். கொண்டுசென்ற குப்பையை அடிவாரத்துக்கே திருப்பிக் கொண்டுவரலாம். ஒரு குடும்பத்தில் பெரியவர்கள் இதைச் சொன்னால் இளையவர்கள் கேட்பார்கள். அன்று மீன் பிடிக்க வேண்டாம் என்று சொன்னவர்களும் யாரோ ஒரு குடும்பத்தின் பெரியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அவர்கள் சொல்லை அவர்களின் பிள்ளைகள் காத்தார்கள். அதனால் இன்றும் ஐயாற்றில் மீன்கள் துள்ளுகின்றன.

கொல்லி என்று பெயர் கொண்ட மலையின் உச்சியிலிருந்து அறப்பளீஸ்வரர் அந்த மீன்களைக் காட்டி அறத்தைப் போதிக்கிறார். எழுபது வளைவுகளையும் மீண்டும் கடந்து சமவெளிக்கு இறங்கும்போது, திரும்பிப் பார்த்தால் அந்த நீல மதில் முன்போலவே நிற்கும். இப்போது அதன் பெயர் அச்சம் தராது.

பயணக் குறிப்புகள்

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறத்தாழ 55 கி.மீ. நாமக்கல், சேலம் நகரங்களிலிருந்து பேருந்து வசதி உண்டு. ராசிபுரம் பக்கமிருந்து முள்ளுக்குறிச்சி வழியாக மற்றொரு மலைப்பாதையும் உள்ளது. ஆலயம் வரை வாகனத்தில் செல்லலாம் என்பதால் முதியவர்கள் நடைச்சிரமமின்றித் தரிசிக்க முடியும். மலையேறும்முன் வயிறு நிறைய உண்பதைத் தவிர்ப்பதும், வழக்கமான மருந்துகளையும் ஒரு கம்பளியையும் உடன் வைத்துக்கொள்வதும் நலம். பகல் வெளிச்சத்திலேயே ஏறி இறங்குவது பாதுகாப்பானது. பெருமழைக் காலத்தில் அருவிக்குச் செல்ல வனத்துறை தடைவிதிப்பதுண்டு. அந்நாள்களில் ஆற்றில் இறங்காமல் சந்நிதியில் வழிபட்டுத் திரும்புவதே முறை.